ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஒரு நாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மாலைக்குள் வலி வலது பக்க அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் 'குடல்வால் தெரியவில்லை, வலது அடிவயிற்றில் சில நிணநீர்க் கணுக்கள் உள்ளன' என்று ரிப்போர்ட் வந்தது. பிரச்சினை இல்லை என்று நிம்மதியாகக் கிளம்பத் தயாரானோம். சர்ஜன்தான் விடவில்லை, இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார். மறுநாள் காலை வேறொரு மருத்துவர் ஸ்கேன் எடுத்து, குடல்வால் 9 மில்லிமீட்டருக்கு வீங்கியிருக்கிறது என்றார். அன்றே ஆபரேஷன் நடந்தது. குடல்வால் உடையவில்லையாம். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் மனசு ஆறவில்லை. முதல் ஸ்கேனைச் சரியாகப் பார்க்கவில்லையா? முதலிலேயே சிடி ஸ்கேன் எடுத்திருக்க வேண்டுமா? இரவில் வலிக்கு ஊசி போட்டதால் நோய் மறைந்துவிட்டதா? 9 வயது மகனுக்கும் முன்கூட்டியே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. வயிற்று ஸ்கேன் பார்ப்பதே என் வேலை. அதனால் உங்கள் கேள்விகளில் முதலாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் அடைகிறார்கள். ஆனால் அந்த ரிப்போர்ட் உங்கள் மகளுக்குக் குடல்வால் அழற்சி இல்லை என்று சொல்லவே இல்லை. குடல்வாலைத் தேடும் ஸ்கேனுக்கு மூன்று விதமான முடிவு வரலாம். குடல்வால் முழு நீளத்துக்கும் தெரிந்து, இயல்பாக இருந்தது என்பது ஒன்று. தெரிந்தது, வீங்கியிருந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது, தேடினோம், கண்ணில் படவில்லை என்பது. இந்த மூன்றாவது முடிவு வந்தால், ஸ்கேனுக்கு முன் மருத்துவருக்கு எவ்வளவு சந்தேகம் இருந்ததோ ஏறக்குறைய அதே சந்தேகம் அப்படியே மிச்சம் இருக்கிறது. கொழுப்பு வீக்கம், நீர் தேக்கம் போன்ற துணை அறிகுறிகளும் இல்லை என்றால் சந்தேகம் ஓரளவு குறையும், அவ்வளவுதான். உங்கள் சர்ஜன் இதைத் தெரிந்துதான் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த ஒரு முடிவுதான் அவளைக் காப்பாற்றியது என்பேன்.

ஒரு உறுப்பு எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். கல்லீரலும் சிறுநீரகமும் எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை, ப்ரோபை, அதாவது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை, வைத்த இடத்தில் தெரியும். குடல்வால் அப்படி இல்லை. பெருங்குடல் தொடங்கும் பையின் அடியில், ஒரு முனை மூடிய சிறு குழாயாக அது தொங்குகிறது. இயல்பான நிலையில் பென்சிலை விட மெலிதாக, சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் வேர் மட்டும் ஓரிடத்தில் நிலையாக இருக்கும், நுனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். பலருக்குப் பெருங்குடலின் பின்னால் மேல்நோக்கி ஒளிந்திருக்கும். சிலருக்கு இடுப்புக்குழிக்குள் இறங்கி, சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் கிடக்கும். இப்படி இருப்பதால் வலியும் இடம் மாறிக் காட்டும். பின்னால் ஒளிந்த குடல்வால் அழன்றால் முதுகுப் பக்கமோ விலாவுக்குக் கீழேயோ வலிக்கும். கீழே இறங்கியது அழன்றால் அடிக்கடி சிறுநீர் வரும், பேதியும் போகலாம். வயிற்றுப்போக்கு என்று நினைத்து நாள் கடத்துவது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

இதோடு குடலில் உள்ள வாயு வேறு. ஒலி அலை வாயுவைத் தாண்டிப் போகாது. வாயு நிறைந்த குடல் வளையம் ஒன்று முன்னால் வந்துவிட்டால் பின்னால் இருப்பது எதுவும் திரையில் வராது. இந்தக் காரணத்தாலேயே குடல்வாலை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1986இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜூலியன் பைலார்ட் என்ற ரேடியாலஜி மருத்துவர் ஒரு எளிய வழியை வெளியிட்டார். ப்ரோபை வயிற்றின் மேல் சும்மா வைக்காமல், நோயாளி மூச்சு விடுவதற்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போவது. அழுத்தும்போது வாயுவும் குடல் வளையங்களும் விலகும், ப்ரோபுக்கும் குடல்வாலுக்கும் இடையே தூரம் குறையும். அழற்சி இல்லாத குடல் நசுங்கும், அழன்ற குடல்வால் நசுங்காமல் விறைத்து நிற்கும். இன்றைக்கும் உலகம் முழுக்க இதே முறையில்தான் பார்க்கிறோம். கருவிகள் மட்டும் எத்தனையோ மடங்கு மேம்பட்டிருக்கின்றன.

நல்ல முறையில் பார்க்கிறவர் முதலில் ப்ரோபை எடுக்க மாட்டார். 'ஒரே விரலால் காட்டு, எங்கே வலிக்கிறது?' என்று கேட்பார். குழந்தைகள் இதற்குத் தரும் பதில் ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். அந்த விரல் பட்ட இடத்திலேயே பல நேரம் குடல்வால் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வலது பெருங்குடலை மேலிருந்து கீழாகப் பின்தொடர்ந்து அதன் அடிப்பைக்கு வர வேண்டும். அங்கே சிறுகுடல் வந்து சேரும் இடம் தெரியும், அது அலை அலையாக அசைந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே அசையாமல், மறுமுனை மூடியபடி ஒரு குழாய் கிடந்தால் அதுதான் குடல்வால். இடுப்புக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாய்களும் பின்புறத் தசையும் அடையாளக் கற்கள். அதுவரை தெரியும்படி அழுத்தியிருந்தால்தான் போதுமான அளவு அழுத்திப் பார்த்ததாக அர்த்தம். அப்படியும் சிக்கவில்லை என்றால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று தேடலாம், முதுகுப் பக்கம் கை கொடுத்து முன்னால் தள்ளியும் பார்க்கலாம். வலியில் அழும் குழந்தைக்கு இதையெல்லாம் செய்ய நேரமும் பொறுமையும் வேண்டும்.

அழன்ற குடல்வாலைக் குறுக்காக வெட்டினாற்போல் பார்க்கும்போது வில்வித்தைப் பலகை போல வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். வெளி விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அழுத்தினால் நசுங்காது. ப்ரோப் அதன் மேல் வந்த அந்த நொடியில் நோயாளி முகம் சுளிப்பார். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் சுவருக்குள் ஓட்டம் கூடியிருப்பது நிறமாகத் தெரியலாம். சில சமயம் உள்ளே மலம் இறுகிக் கல்லாகி, பின்னால் கருநிழல் விழும். சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்து, தடித்து, இறுகித் தெரியும். என்னைக் கேட்டால் இந்தக் கொழுப்பு மாற்றத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். உடல் தானாகவே கொழுப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தைப் பொத்தி மூடப் பார்க்கிறது என்பதற்கு அது சாட்சி. குடல்வால் சரியாகத் தெரியாதபோதும், 'இங்கே ஏதோ நடக்கிறது' என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

6 மில்லிமீட்டர் என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் 6.5 அல்லது 7 என்று பார்த்துவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் சிலருக்குக் குடல்வால் 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலின்போது அதன் சுவரில் உள்ள நிணத்திசு பருத்தும் தடிக்கலாம். அழுத்தினால் நசுங்குகிறது, கொழுப்பு இயல்பாக இருக்கிறது, அந்த இடத்தில் வலியில்லை என்றால் எண்ணை மட்டும் வைத்து வயிற்றைத் திறக்கக் கூடாது. 6க்கும் 8க்கும் இடைப்பட்ட அளவில் மற்ற அறிகுறிகள்தான் முடிவு செய்கின்றன. உங்கள் மகளுக்கு 9 மில்லிமீட்டர், அதோடு வலி, வாந்தி, வெள்ளை அணு என்று எல்லாம் ஒரே திசையில் காட்டின. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

சரி, முந்தின மாலை ஏன் தெரியவில்லை? முதல் மருத்துவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்வதும் நியாயமில்லை. அல்ட்ராசவுண்டு பார்ப்பவரின் கைத்திறமையை மிகவும் நம்பியிருக்கும் பரிசோதனை என்பது உண்மை. தினமும் குழந்தைகளின் வயிற்றைப் பார்ப்பவருக்கும், எப்போதாவது பார்ப்பவருக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். ஆனால் மிகத் திறமையானவருக்கும் நோயின் முதல் சில மணி நேரத்தில் குடல்வால் சிக்காமல் போகலாம். அப்போது வீக்கம் குறைவு, கொழுப்பும் இன்னும் மாறியிருக்காது. சில சமயம் அழற்சி நுனியில் மட்டும் தொடங்கும், அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு இயல்பு என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. ஓர் இரவு கழிந்தால் வீக்கம் வளர்ந்திருக்கும், வாயு நகர்ந்திருக்கும், வலி கொஞ்சம் அடங்கி வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும். அதனால்தான் சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்வதை நாங்கள் ஒரு முறையாகவே வைத்திருக்கிறோம். முதல் மருத்துவர், தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறார். 'இயல்பு' என்று எழுதியிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

நிணநீர்க் கணுக்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. குழந்தைகளின் வயிற்றில் கணுக்கள் தெரிவது சகஜம். குடலைத் தாங்கும் சவ்வில் உள்ள கணுக்கள் வீங்கி, குடல்வால் நோய் போலவே வலது பக்கம் வலிப்பதும் உண்டு. அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் குடல்வால் அழற்சியிலும் அதே கணுக்கள் வீங்கும். ஆகவே குடல்வாலை இயல்பாகப் பார்த்த பிறகுதான் கணுக்கள் மேல் பழியைப் போட முடியும். அதைப் பார்க்காமல், 'நெறி கட்டியிருக்கிறது, அதான் வலி' என்று முடிப்பது ஆபத்தான குறுக்குவழி.

சர்ஜனுக்கு ஸ்கேனைத் தாண்டி எது கைகொடுத்தது என்று பாருங்கள். பைலார்டின் கட்டுரை வந்த அதே 1986இல் ஆல்வராடோ என்பவர் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். வலி தொப்புளிலிருந்து வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் 1, பசியின்மைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, வலது அடிவயிற்றில் தொட்டால் வலித்தால் 2, அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது வலித்தால் 1, காய்ச்சலுக்கு 1, வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் 2, அவற்றில் ஒரு வகை அதிகமாக இருந்தால் 1. மொத்தம் 10. நீங்கள் எழுதியதை வைத்து, தொட்டால் வலித்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு கூட்டினாலே 7 வருகிறது. 7 மதிப்பெண் உள்ள குழந்தையின் ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை என்றால், அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகக் கூடாது. 2 மதிப்பெண் உள்ள குழந்தைக்கு இதே ரிப்போர்ட் வந்திருந்தால், ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்திருக்கலாம். ரிப்போர்ட் ஒன்றுதான், யாருக்கு வந்தது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

இனி சிடி. குடல்வால் அழற்சியைக் கண்டுபிடிப்பதில் சிடி ஸ்கேன் அல்ட்ராசவுண்டை விடக் கூர்மையானது, அதில் விவாதமில்லை. வாயு அதற்குத் தடையில்லை, பார்ப்பவரின் கைக்கும் அங்கே வேலை குறைவு. ஆனால் அது எக்ஸ்ரே கதிர்வீச்சில் இயங்குகிறது. வளரும் உடலின் திசுக்கள் கதிர்வீச்சுக்கு அதிகம் ஆளாகக்கூடியவை, அவற்றின் முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. ஒரு சிடியால் வரும் ஆபத்து மிகச் சிறியதுதான், தேவைப்பட்டால் எடுக்கத் தயங்கக் கூடாது. கதிர்வீச்சே இல்லாத ஒரு பரிசோதனை பலருக்கு விடை தந்துவிடும்போது முதலிலேயே அதற்குப் போக வேண்டாம் என்பதுதான் குழந்தைகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் வரிசை. ஒல்லியான குழந்தைகளுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. வயிற்றுச் சுவர் மெலிதாக இருப்பதால் அல்ட்ராசவுண்டில் படம் தெளிவாக வரும். சிடியிலோ, உறுப்புகளுக்கு நடுவே கொழுப்பு குறைவாக இருப்பதால் பிரித்தறிவது கொஞ்சம் சிரமம். உடல் பருமன் உள்ள பெரியவர்களுக்கு நிலைமை தலைகீழ். கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்டில் விடை கிடைக்காவிட்டால், மருந்து செலுத்தாத எம்ஆர்ஐ நல்ல வழி. உங்கள் மகளுக்கு இரண்டாவது ஸ்கேனிலும் தெரியாமல் போய், வலியும் கூடியிருந்தால் அடுத்து சிடியோ எம்ஆர்ஐயோ எடுத்திருப்பார்கள். அந்தக் கட்டத்தில் எடுப்பதுதான் சரி.

பெண் பிள்ளை என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வலது அடிவயிற்றில் சினைப்பையும் இருக்கிறது. சினைப்பைக் கட்டியும் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இதே போன்ற வலியைத் தரும். முறுக்கலில் மணி நேரக் கணக்கில் சினைப்பையையே இழந்துவிடலாம். இவற்றைப் பார்ப்பதில் அல்ட்ராசவுண்டுதான் முதல் தேர்வு. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குக் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இந்தப் பட்டியலில் உண்டு, அதற்குக் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். ஆக அந்த முதல் ஸ்கேன் வீண் இல்லை. சினைப்பைகளும் சிறுநீரகமும் இயல்பாக இருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தால், அவசரமான சில நோய்களை அன்றைக்கே அது ஒதுக்கிவிட்டது.

ஓர் இரவு தாமதத்தால் கெடுதல் நேர்ந்ததா என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. குடல்வால் உடையவில்லை என்று ஆபரேஷனில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அதுவே போதுமான பதில். மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கும்போது, சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது பாதுகாப்பானது என்பதே இன்றைய வழிகாட்டுதல். வீட்டில் கழியும் 24 மணி நேரம் அப்படிப்பட்டது இல்லை. யாரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை, காய்ச்சலைக் குறித்து வைப்பதில்லை. உடைந்த குடல்வாலில் அழுத்தம் இறங்குவதால் சிறிது நேரம் வலி குறைவது போலவும் இருக்கும். சரியாகிவிட்டது என்று படுக்க வைப்பார்கள், அப்புறம் வலி வயிறு முழுக்கப் பரவும். உடைந்த பிறகு குடல்வால் சுருங்கிவிடுவதால் அல்ட்ராசவுண்டில் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும், சுற்றியுள்ள சீழையும் நீரையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

வலி ஊசியைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். வலி நிவாரணி கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பி, குழந்தைகளைத் துடிக்க விட்டார்கள். முறையாக ஆராய்ந்து பார்த்ததில், வலி நிவாரணி தருவதால் குடல்வால் நோயைத் தவறவிடுவது கூடவில்லை என்று தெரிந்தது. வலி அடங்கிய பிள்ளை அழுத்திப் பார்க்க ஒத்துழைக்கும், படமும் நன்றாக வரும். ஸ்கேனுக்கு முன் வலிக்கு மருந்து கேட்பது பெற்றோரின் உரிமை.

ஆபரேஷன் இல்லாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2020இல் வெளியானது. ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களில் 10 பேரில் சுமார் 3 பேருக்கு 90 நாட்களுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. உள்ளே கல் இருந்தவர்களுக்குச் சிக்கலும் அதிகம். சிலருக்கு அது ஏற்ற வழிதான், ஆனால் ஆபரேஷன் முடிந்து தேறிவிட்ட உங்கள் மகளை வைத்து அந்தக் கணக்கை இனிப் போட வேண்டியதில்லை.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். வலியில்லாத குழந்தைக்குக் குடல்வால் ஸ்கேன் எடுப்பதில் பயன் இல்லை. இன்று இயல்பாக இருக்கும் குடல்வால் அடுத்த மாதம் அழலாம், எந்தக் குழந்தைக்கு வரும் என்று எந்தப் படமும் முன்கூட்டிச் சொல்லாது. குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது கவனமாக இருப்பது மட்டும். அவனுக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது பக்கம் நகர்ந்தால், சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கினால், குனிந்தபடி நடந்தால், குதிக்கச் சொன்னால் வலியில் நின்றுவிட்டால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வயிறு இறுகிப்போய், தொடவே விடாமல் காய்ச்சலும் இருந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும் வழியில் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம், பேதி மருந்து ஒருபோதும் வேண்டாம். ஸ்கேன் முடிந்ததும் மருத்துவரிடம் 'குடல்வாலைப் பார்த்தீர்களா, நுனி வரை தெரிந்ததா?' என்று தயங்காமல் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், 'மறுபடி எப்போது பார்ப்பீர்கள், அதுவரை இவன் எங்கே இருக்க வேண்டும்?' என்று சர்ஜனிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.